ஒரு முறுக்கு எத்தனை எம்பி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறேன். ஒரு பக்கம் வாகனம் ஓயாது, மறுபக்கம் அலை ஓயாது, இடையில் ரயில் வேறு. ஓயாத இடத்தில் இருப்பவனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. எனக்கும் தரிப்பதில்லை. இணையத்தளம் செய்துகொடுப்பது என் தொழில், கவிதை எழுதுவது என் வியாதி. இரண்டையும் தெரிந்தவர்கள் என்னிடம் முதலாவதைப் பற்றி மட்டுமே விசாரிப்பார்கள்.

எங்கள் தளத்துக்கு எவ்வளவு பான்ட்வித் வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு நான் சொல்லும் கணக்கு மிகச் சின்னது. பக்கத்தின் எடையை எடு. வரக்கூடிய ஆட்களால் பெருக்கு. ஒவ்வொருவரும் எத்தனை பக்கம் புரட்டுவார்கள் என்பதால் இன்னொரு தரம் பெருக்கு. விடையைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படு. அந்தப் பயத்தின் அளவுக்கு இன்னும் சேர்.

எடை என்றதும் சிலர் சிரிப்பார்கள். காற்றில் வருகிற படத்துக்கு என்ன எடை என்பார்கள். இருக்கிறது. கொம்பியூட்டரின் தராசில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. தமிழ் எழுத்துக்கூட ஆங்கில எழுத்தைவிட மூன்று மடங்கு கனம். ஆங்கிலத்தின் ஏ ஒரு பைட் என்றால் நம்முடைய ‘அ’ மூன்று பைட். இதற்குப் பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் பட்டிருக்கிறேன்.

இந்தக் கணக்கை நான் கடைசியாகப் போட்டது அக்காவுக்காக.

அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்துவிட்டு, போன ஆவணியில் ஒருநாள் மத்தியானம் வேலையை விட்டு வந்துவிட்டாள். பலகாரம் சுட்டு விற்கப் போகிறாளாம். அவளுடைய பயத்தம் உருண்டையைச் சாப்பிட்ட யாரும் அதை எதிர்க்கவில்லை. மனேஜர் நல்ல மனிதர். “உங்கட கதிரைக்கு இன்னும் ஆள் போடேல்லை மிஸ். தீபாவளிக்கு முதல் ஒரு முடிவு சொல்லுங்கோ” என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். அக்கா அதற்குப் பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை. இரண்டு கிழமையாக அது அவளுடைய போனில் அப்படியே கிடந்தது. தீபாவளி ஓடர் வந்தால் வரமாட்டேன் என்று எழுதுவாள். வராவிட்டால் பழைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ்ஸில் ஏறுவாள். அவ்வளவுதான் விஷயம்.

தளத்துக்கு யார் வருவார்கள் என்று கணக்குப் பார்த்தேன். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழு, அவர்கள் சொல்லி வரும் சிநேகிதர்கள், வெள்ளவத்தையில் தாய் தகப்பனை விட்டுவிட்டு லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு அவர்களுக்குப் பலகாரம் அனுப்பி வைக்கிற பிள்ளைகள். எல்லோரையும் தீபாவளி வரைக்குமான நாட்களில் பரவலாகத் தூவினேன். படங்களை நன்றாகச் சுருக்கி ஏற்றினேன். மலிவான ஒரு சேர்வரில் சின்ன ஒரு பக்கேஜ் போதும் என்று வந்தது.

“ஆரும் வந்தால் எண்டு ஒரு சுண்டு கூடப் போட்டனியோ?” என்று அக்கா கேட்டாள்.

எங்கள் வீடுகளில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது செய்வது அது. ஆட்களுக்கு அளந்த பிறகு, வாசலில் யாராவது வந்து நின்றால் என்று ஒரு சுண்டு அதிகம். எனது தொழிலில் இதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. சுண்டு என்பது அதைவிட நல்ல சொல்.

“ரெண்டு சுண்டு போட்டிருக்கிறன்” என்றேன்.

திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கி பன்னிரண்டுக்கு முடியும் என்பதால், அதற்கு முன் தளம் திறந்தாகவேண்டும் என்று அக்கா கட்டளை. நான் காலையிலேயே பஸ் ஏறினேன். பஸ்ஸுக்கு அன்று கொட்டாஞ்சேனைக்குப் போகும் எண்ணமே இல்லை. ஒவ்வொரு தரிப்பிலும் நின்று, ஆளை ஏற்றி, ஏற்றிய ஆளை இறக்கி, வழியெல்லாம் யோசித்தது. கண்டக்டர் மட்டும் சோராமல் “இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன” என்று எங்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். முன்னுக்கு இடமே இல்லை. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எங்கிருந்தோ ஓர் ஆள் நிற்கும் இடம் பிறந்துகொண்டே இருந்தது.

வேர்க்க வேர்க்கப் போய்ச் சேர்ந்தேன். அக்கா வீட்டு மேசையில் லப்டொப்பை வைத்து, சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தி, பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் தளத்தைத் திறந்துவிட்டோம். அக்கா குடும்பக் குழுவில் லிங்க்கைப் போட்டாள். கும்பிட்ட கை, பூ, இன்னும் ஒரு பூ.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் அத்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக அன்று லீவு போட்டிருந்தார். ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கப்பல் வராத நாளில ஹாபரும் இப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

“நீங்கள் வாயை வைக்காதேங்கோ” என்றாள் அக்கா.

“நான் வாயை எங்க வைச்சனான். முறுக்கிலகூட வைக்க விடேல்லையே நீ.”

பதினொரு மணியாகியது. யார் வந்து போகிறார்கள் என்று காட்டும் திரையில் ஒரே ஓர் ஆள் தெரிந்தார். அந்த ஒருவரும் வந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இப்படி நகராத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அன்ரியின் குரல் கேட்டது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், மதில் ஒன்றும் அவர் குரலுக்குத் தடையல்ல.

“மகள், உங்கட முறுக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கு.”

“என்ன அன்ரி?”

“போன்ல. மேல் பாதி வந்திரிச்சி. கீழ் பாதி வருது வருது, இன்னும் வருது. நான் குசினிக்குப் போய் மீனுக்கு உப்புப் போட்டிட்டும் வந்திட்டன்.”

நான் மதிலடிக்கு ஓடி அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அரை முறுக்கு திரையின் உச்சியில் தொங்கியது, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. நான் ஏற்றிய படம் இப்படிச் சண்டித்தனம் செய்யாது. திரும்பி வந்து தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படமும் ஆறு எம்பி, ஏழு எம்பி. சுருக்கிய படம் ஒன்றையும் காணோம்.

“அக்கா, படத்தை மாத்தினியோ?”

“ஓம். ராத்திரி மாத்தினனான். நீதானே பழக்கினனி.”

“ஏன் மாத்தினனி?”

“நீ போட்டது மங்கல். முறுக்கில முள்ளுத் தெரியேல்லை. என்ர முறுக்கை அப்பிடி ஊருக்குக் காட்ட ஏலாது.”

“இப்ப ஒரு முறுக்கு ஆறு எம்பி.”

அத்தான் ஹெல்மட்டைத் தட்டினார். “ஒரு முறுக்குக்கு ஆறு எம்பியோ. அப்ப ஒரு பெட்டிக்குப் பாராளுமன்றமே காணாது.”

அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்கு அப்போது பதற்றம் இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகத்தானே வரப்போகிறார்கள். பின்னேரம் ஆறுதலாக இருந்து படங்களைச் சுருக்கினால் போகிறது என்று நினைத்தேன். அரை முறுக்கோடு அலுத்துப்போன அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, “வாயால சொல்லுறன் மகள். எங்களுக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. ரெண்டு பெட்டி போடுங்க” என்றார்.

அக்காவின் முகம் மாறியது. “அன்ரி, அதைப் பன்னிரண்டுக்குப் பிறகு ஒருக்காச் சொல்லுங்கோ. இப்ப சொன்னது கணக்கில்லை.”

“ஏன்?”

“கைவிசேஷம்.”

அன்ரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். முதல் வியாபாரம், முதல் கை, அது நல்ல நேரத்தில் நல்ல கையால் விழவேண்டும். தலையை ஆட்டிவிட்டு மீனிடம் போய்விட்டார். ஆனால் அந்தச் சொல் என் காதில் தங்கிவிட்டது. கைவிசேஷம். அக்காவுக்கு இப்படி என்றால் மற்றவர்களுக்கு எப்படி?

அதே வேளையில் அக்காவின் போன் கிணுங்கியது. லண்டன் பெரியம்மா குடும்பக் குழுவில் எழுதியிருந்தார். லண்டனில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

“பிள்ளையள், ஒருத்தரும் இப்ப ஓடர் பட்டனை அமத்தாதேங்கோ. கொழும்பில ராகுகாலம். பிள்ளைக்குக் கைவிசேஷம் ராகுகாலத்திலயோ குடுக்கிறது. சரியாப் பன்னிரண்டுக்கு எல்லாரும் ஒண்டா அமத்துவம். உங்கட சிநேகிதருக்கும் சொல்லுங்கோ.”

சிட்னியில் இருக்கும் மச்சான் எழுதினான்: “பெரியம்மா, எங்களுக்கு ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது.”

“முறுக்குச் சுடுறது கொழும்பிலயோ சிட்னியிலயோ?”

“கொழும்பில.”

“அப்ப கொழும்பு ராகு. பேசாமல் இரு.”

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பாரிஸிலிருந்து ஒன்று, மெல்பேர்னிலிருந்து இரண்டு, நடுச்சாமத்திலும் நித்திரை வராத கனடாச் சித்தியிடமிருந்து மூன்று. பெரியம்மாவின் மெசேஜை நாலைந்து பேர் தங்கள் பழைய பாடசாலைக் குழுக்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்கள்.

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன்.

திறப்பதற்கு நாங்கள் நேரம் பார்த்தோம். வாங்குகிறவர்களும் அதே பஞ்சாங்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் பெருக்கிய நான் இந்த ஒன்றைப் பெருக்கவில்லை. ஒரு மாதத்தில் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது ஒரு கணக்கு, ஒரே நேரத்தில் மிதிபலகையில் எத்தனை பேர் தொங்கலாம் என்பது வேறு கணக்கு. நான் மாதக் கணக்கைப் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் நாலு கண்டத்து உறவும் ஒரே வாசலில் வந்து நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஆறு எம்பி முறுக்கைத் தூக்கிக் கொடுக்கவேண்டும். ஒற்றை அன்ரிக்கே பாதிதான் கொடுக்க முடிந்தது.

“விழுந்திடுமோ?” என்றாள் அக்கா. அவளுக்குப் பான்ட்வித் விளங்காது, என் முகம் விளங்கும்.

“இப்பிடியே விட்டால் விழும்.”

“கைவிசேஷத்தில விழுந்தால் பிறகு ஒருத்தரும் வராயினம் தம்பி.” சொல்லிவிட்டு அவள் போனைப் பார்த்தாள். பெரியம்மாவின் மெசேஜைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே கிடந்த மனேஜரின் மெசேஜைப் பார்த்தாள்.

சேர்வர் கம்பனிக்குப் போன் எடுத்துப் பெரிய பக்கேஜுக்கு மாற்றச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டேன். மறுமுனையில் ஒரு மிஸ் மிகவும் அன்பாகக் கதைத்தார். மாற்றலாம், பிரச்சினையே இல்லை, இரண்டு மணிக்குச் சரியாகிவிடும் என்றார். பன்னிரண்டுக்கு வேணும் மிஸ் என்றேன். ஏன் பன்னிரண்டு என்று கேட்டார். ராகுகாலம் என்றேன். “ஆ, ராஹு காலே” என்றார் அவரும். அவர்கள் வீட்டிலும் பார்ப்பார்கள்தானே. ஆனாலும் இரண்டு மணி இரண்டு மணிதான்.

படங்களைச் சுருக்கி மறுபடி ஏற்றலாம். ஆனால் நான் சுருக்கிய படங்கள் வெள்ளவத்தையில் என் கொம்பியூட்டரில் கிடந்தன, அக்காவும் போன் நிரம்பியது என்று ராத்திரியே தன் படங்களை அழித்திருந்தாள். தளத்தில் இருப்பதை இறக்கிச் சுருக்கி ஏற்றுவதற்கு அக்கா வீட்டு வைபை தயாராக இல்லை. முதல் முறுக்கை இறக்கவே அது மூச்சு வாங்கியது. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

ஏற்றுவதற்கு நேரம் வேண்டும். அழிப்பதற்கு வேண்டாம்.

“அக்கா, படம் எல்லாத்தையும் எடுக்கப்போறன்.”

“படம் இல்லாமல் ஆர் வாங்குவினம்?”

“நான் எழுதுறன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் கவிதைகளைப் பற்றிய குடும்ப அபிப்பிராயம் முழுவதும் இருந்தது. அத்தான் மெல்ல, “இவன்ர கவிதையை வாசிச்சா ஆக்கள் சாப்பிடமாட்டினம்” என்றார்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இவ்வளவு காலமும் நான் எழுதிய எல்லாக் கவிதைகளையும் ஒன்றாகக் கட்டித் தராசில் வைத்தாலும் அக்காவின் ஒரு முறுக்குப் படத்தின் எடை வராது. மூன்று மடங்கு கனமான தமிழ் எழுத்தில் எழுதியும் வராது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை நான் ஒரு தகுதியாக நினைத்ததில்லை.

படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அந்த இடங்களில் சொல்லை வைத்தேன். முறுக்கு: கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். பயத்தம் உருண்டை: வாயில் போட்ட பிறகு கொஞ்ச நேரம் யாருடனும் பேசவேண்டாம், பேச முடியாது. எள்ளுருண்டை: பல்லைச் சோதித்துவிட்டு வாங்கவும். சிப்பிப் பலகாரம்: சீனிப்பாகில் ஒருதரம் முழுகி எழும்பியது.

அக்கா கைப்பிடி மாவோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வாசித்தாள்.

“அரியதரத்துக்கு என்ன போட்டனி?”

“இன்னும் இல்லை. நீ சொல்லு.”

“வெளியில முறுகல். உள்ளுக்கு இளக்கம்.” அத்தானை ஒருதரம் பார்த்தாள். “எங்கட வீட்டுக்காரர் மாதிரி எண்டு போடு.”

“முறுகலுக்கோ இளக்கத்துக்கோ?” என்றார் அத்தான்.

“வாங்கிறவை சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்.”

போட்டேன். பனங்காய்ப் பணியாரத்துக்கு வரி எழுதி முடிக்கும்போது பன்னிரண்டுக்குச் சில நிமிடங்களே இருந்தன. பக்கத்தின் எடையைப் பார்த்தேன். இறகு. ஒரு முழுப் பலகாரக் கடையும் இப்போது முறுக்கின் ஒரு முள்ளளவு கனமும் இல்லாமல் இருந்தது. ஒரு சுண்டு என்ன, ஒரு மூட்டை அரிசி இடம் இருந்தது.

சுவர் மணிக்கூட்டில் முள் பன்னிரண்டில் போய் நின்றது. அக்கா கண்ணை மூடினாள்.

வந்தார்கள். திரையில் ஒற்றை இலக்கம் இரட்டையாகி, இரட்டை மூன்றாகி ஓடியது. தளம் ஒருதரம் திக்கியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் கேட்ட குரல் என் தலைக்குள் கேட்டது. இஸ்ஸரஹாட்ட யன்ன. முன்னுக்குப் போங்கோ, பெரியம்மா. முன்னுக்குப் போங்கோ, சித்தி. மிதிபலகையில் தொங்குகிற சிட்னி மச்சான், கையை உள்ளுக்கு எடு. தளம் ஒரு மூச்சு இழுத்து நிமிர்ந்தது. முதல் ஓடரின் மணி அடித்தது. அது ஓயுமுன் அடுத்தது. பிறகு மணிகளுக்கு இடையில் இடைவெளியே இல்லை. அத்தான் போனைத் தூக்கிக் காதில் வைத்து, ஏதோ கடற்சங்கு கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குடும்பக் குழுவில் சண்டை தொடங்கியிருந்தது. முதல் கை தன்னுடையதுதான் என்று பெரியம்மா. ஒரு செக்கன் முந்தித் தான் அமத்தியதாகச் சிட்னி மச்சான். படம் ஒன்றையும் காணவில்லை, ஆனால் வாசிக்க வாய் ஊறுகிறது என்று பாரிஸ். எள்ளுருண்டைக்குப் பல்லுச் சோதிக்கச் சொன்னது யார், இது தன்னைத்தான் குத்திக்காட்டியிருக்கிறது என்று கனடாச் சித்தி. மதிலுக்கு அப்பாலிருந்து அன்ரி, “மகள், இப்ப சொல்லலாமா? ரெண்டு இல்ல, மூணு போடுங்க. இப்ப முழுசா வந்திரிச்சி, ஆனா முறுக்கக் காணல்ல” என்றார்.

“முதல் ஆள் ஆரெண்டு என்னால பாத்துச் சொல்லலாம்” என்றேன் அக்காவிடம்.

“பாக்கலாம். சொல்லப்படாது. சொன்னால் ஒரு கொண்டாட்டத்துக்கும் ஒருத்தரும் ஒருத்தரோட கதையாயினம்.”

இன்றுவரை நான் பார்க்கவில்லை.

ஒரு மணிபோல அக்கா குசினியிலிருந்து வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்ன அக்கா?”

“மா காணாது.”

“என்ன?”

“பயத்தம் மா காணாது. நான் அளந்தது காணாது.”

“ஆரும் வந்தால் எண்டு ஒரு சுண்டு?”

“போட மறந்திட்டன்” என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து நிலையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஞாபகப்படுத்தியவள், தன் அடுப்புக்கு மறந்துவிட்டாள். அத்தான் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு ஜிந்துப்பிட்டி மில்லுக்குப் பயறு அரைக்கப் புறப்பட்டார். கப்பல் வந்த நாளில் ஹாபரில் அவர் எப்படி நடப்பார் என்று அன்று கண்டேன்.

அவர் மாவோடு திரும்பி வந்தபோது மூன்று மணி ஆகிவிட்டது. அக்கா முழங்கை வரை மாவில் இருந்தாள். எண்ணெய் கொதித்தது, வீடு முழுக்க எள்ளும் ஏலமும். சேர்வர் கம்பனி மிஸ் சொன்னபடி பெரிய பக்கேஜ் வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலமாகியிருந்தது. படங்களைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். இருக்கட்டும். அரியதரத்துக்குத்தான் கூட ஓடர்.” பிறகு தலையால் போனைக் காட்டினாள். “என்ர கையெல்லாம் மா. மனேஜருக்கு ஒண்டு அடிச்சுவிடு தம்பி.”

“என்னெண்டு?”

கொஞ்சம் யோசித்தாள். எண்ணெயில் ஒரு முறுக்கு பிரண்டு பொன்னாகும் நேரம்தான்.

“சேர், இனி வரமாட்டன் எண்டு. நன்றி எண்டும் போடு. ஒரு பெட்டி அனுப்பிறன் எண்டும் போடு.”

அடித்தேன். அனுப்பப் போகையில் அத்தான் பயறு மாவை இறக்கி வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார்.

“பொறு பொறு. இப்ப எமகண்டம் தொடங்கீட்டுது. நாலரைக்குப் பிறகு அனுப்பு.”

அக்கா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதை எமன் பாக்கட்டும்” என்றாள். “நீ அனுப்பு.”